பேஸ் ஆம்பில் ஒரு சீறல்

கிள்ளானில் ஆம்ப் பழுதாகிவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. கோயில் ஒலிபெருக்கி, கல்யாண மண்டபத்து மிக்சர், பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மூலிகைத் தைலம் விற்கிறவனின் மைக், எல்லாம் என் மேசைக்கு வந்து போனவை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. டெங்கில் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியின் ரேடியோக் கடையில் தரை கூட்டினேன். கூட்டிக்கொண்டே ரெசிஸ்டரின் வர்ணக் கோடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு இன்றைக்கும் நேரமாகும். ஆனால் சர்க்கியூட் படத்தைக் கையில் கொடுங்கள், மற்றவர்கள் பேப்பர் வாசிப்பது மாதிரி வாசிப்பேன். பிறகு அந்தத் தவுக்கேயின் கடையையே வாடகைக்கு எடுத்தேன். அதற்கும் பிறகு வாங்கினேன். கீழே கடை, மேலே வீடு. டிகிரி வாங்கியவர்கள் டை கட்டிக்கொண்டு வந்து என் ஸ்டூலில் காத்திருந்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் இதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். இப்போது நிமிர்வதில்லை. உண்மை என்பதால் எழுதி வைக்கிறேன்.

தைப்பூசம் முடிந்த பிறகு என் மனைவி இறந்துபோனாள். கடையில் கவுன்டர் அவளுடையது. வருகிறவர்களோடு பேசுவது, எப்போது கிடைக்கும் என்று பொய் சொல்வது, கோபித்துக்கொண்டு வந்தவனைச் சிரிக்க வைத்து அனுப்புவது எல்லாம் அவள். பின்னால் உட்கார்ந்து பழுது பார்ப்பது நான். ஆஸ்பத்திரியில் அவள் மூச்சு நின்றபோது நான் அழவில்லை. சுடுகாட்டிலும் அழவில்லை. "பாரு, எவ்வளவு தைரியமான மனுசன்" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நாளில்தான் தெரிந்தது, அது தைரியம் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அதுதான். சாப்பாடு இறங்கியது. தூக்கம் வந்தது. கடையும் திறந்தேன். எல்லாம் வேறு யாருக்கோ நடந்துகொண்டிருந்தது.

செராஸில் இருக்கும் என் மகன் வந்து, அவன் அம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு, என் வேலை மேசைக்கு மேலே சுவரில் மாட்டினான். படத்துக்குக் கீழே ஒரு பலகை அடித்து, அதில் கரண்ட் குத்துவிளக்கு ஒன்றை வைத்தான். பிரிக்பீல்ட்ஸில் வாங்கியது. பல்புக்குள்ளே தீ ஆடுவது போல ஆடும். "எண்ணெய் விளக்கு வேணாம்பா, உங்க மேசை பூரா ஸ்பிரிட்டும் ஸ்ப்ரேயும்தான் இருக்கு" என்றான். அவன் சொன்னது சரிதான். வருஷத் திதி முடிகிற வரைக்கும் இது எரிய வேண்டும் என்று சொல்லி, சுவிட்சை யாரும் தட்டிவிடாதபடி அதன்மேல் செல்லோடேப் ஒட்டிவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகு நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று, ஈயம் பற்றவைக்கிற கம்பியைச் சூடாகவே மேசையில் வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்துவிட்டேன். பலகை கருகி, மேலே மாடி வரை புகை வந்தது. இன்னொன்று, பண்டமாரானில் ஒரு சின்னக் கோயிலின் ஆம்பைப் பழுது பார்த்துக் கொடுத்தேன், உள்ளே ஒரு வயரை மாட்டாமல். பூசை நேரத்தில் சத்தமே வரவில்லையாம். நான் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து அப்படி ஒன்று நடந்ததில்லை. செய்தி எப்படியோ செராஸுக்குப் போய்விட்டது.

மகன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"போதும்பா. கடைய யாருக்காச்சும் வாடகைக்கு விட்டுட்டு எங்கூட வாங்க. ரூம் ரெடியா இருக்கு."

"செராஸ்ல வந்து நான் என்னாடா பண்றது? உங்க லிப்ட்ல ஏறி எறங்கிக்கிட்டு இருக்கவா?"

"ஒரு நாள் கடையோட சேந்து எரிஞ்சிடுவீங்கப்பா."

"நான் கடை போட்டப்ப நீ பொறக்கவே இல்ல."

"அதான் லா சொல்றேன். அவ்ளோ வயசாயிடுச்சி உங்களுக்கு."

வாய் அவன் அம்மாவுடையது. அதோடு அவனே ஒரு வழியும் சொன்னான். அடுத்ததாக வருகிற பெரிய வேலை எதுவோ, அதை முடித்து வாடிக்கையாளரிடம் கொடுக்கிற நாளில் அவனும் வந்து நிற்பான். வேலை சுத்தமாக இருந்தால் கடையைப் பற்றி இனி வாயே திறக்க மாட்டான். குறை இருந்தால் நான் சாவியைக் கொடுத்துவிட்டு அன்றைக்கே காரில் ஏற வேண்டும்.

"சரி" என்றேன். எனக்கு ஒரு பரீட்சையா என்று சிரிப்புக்கூட வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கடையை விட்டால் நான் யார் என்று எனக்குத் தெரியாது என்பது மட்டும் தெரிந்தது. அதையும் பயமாக உணரவில்லை. போர்டில் எழுதி மாட்டிய அறிவிப்பு மாதிரி இருந்தது.

அந்த வாரமே பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒருவர் வந்தார். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இவரும் அரசாங்க ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். கே.எல். என்கிற கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்தாலும் வீட்டுப் பேச்சை விடவில்லை. ஓய்வு பெற்ற சிநேகிதர்கள் சிலரோடு ஒரு பேண்ட் வைத்து, கல்யாண விருந்துகளில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். அவருடைய காரின் பின்சீட்டில் இங்கிலீஷ்காரன் செய்த பழைய பேஸ் ஆம்ப் ஒன்று கிடந்தது. டிரான்சிஸ்டர் இல்லை. உள்ளே கண்ணாடிக் குழாய் வால்வுகள். சூடாகி, சிவந்து, அதற்குப் பிறகுதான் பேசும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். நான் தூக்கினேன்.

"நீங்கள்தானோ அந்த ஆம்ப் அண்ணை?"

"நான்தான். கிள்ளான்ல வேற ஆளு கெடையாது."

"கே.எல்.லில கொஞ்சப் பேரிட்டக் காட்டினனான். ஒராள் இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கச் சொன்னவன்."

"அவன ஸ்க்ரூடிரைவர கீழ வச்சிட்டு பூ விக்கப் போகச் சொல்லுங்க. நீங்க பேஸு, நான் பாஸு. விட்டுட்டுப் போங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் மனைவி இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பாள்.

ஆம்பைப் போட்டுக் கேட்டேன். சத்தம் மூன்று வகையாக இருந்தது. அடியில் ஒரு உறுமல், லோரி இஞ்சின் ஓடுகிற மாதிரி. திருகைத் திருப்பினால் கரகரப்பு. எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிசாக ஒரு சீறல், எண்ணெயில் கடுகு வெடித்து அடங்குகிற நேரத்துச் சத்தம். முதல் இரண்டும் எனக்கு விளையாட்டு. உறுமல் என்றால் பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோய்விட்டன என்று அர்த்தம். கரண்டில் உள்ள அலையை அமுக்கிச் சமமாக்குகிற டப்பாக்கள் அவை. மாற்றினேன். கரகரப்புக்குத் திருகுகளைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துத் துடைத்தேன். வால்வு உட்காருகிற கால்களைச் சுரண்டிச் சுத்தம் செய்தேன். பிளக்கைத் திறந்தால், எனக்கு முன்னே பார்த்த எவனோ உறுமலை நிறுத்துவதற்காக எர்த் வயரையே வெட்டி விட்டிருந்தான். நாற்றம் அடிக்கிறதென்று மூக்கை அறுத்த கதை. பேஸ் கம்பியைத் தொட்டுக்கொண்டே மைக்கில் வாய் வைத்திருந்தால் மனுசன் மேடையிலேயே போயிருப்பார். எர்த்தை இழுத்து ஒழுங்காக மாட்டினேன்.

உறுமல் போய்விட்டது. கரகரப்பும் போய்விட்டது. சீறல் மட்டும் அப்படியே இருந்தது.

வால்யூமைக் குறைத்தால் சீறல் குறைந்தது. அப்படியானால் அது வால்யூம் திருகுக்கு முன்னாலேயே உள்ளே வருகிறது. முதல் வால்வைப் பிடுங்கினால் சுத்தமாக நின்றது. ஆகவே முதல் வால்வின் பக்கம்தான் திருடன் இருக்கிறான். வால்வை மாற்றினேன். அதன் அருகில் இருந்த ரெசிஸ்டர்களை மாற்றினேன். உள்ளே வருகிற வயரை, கம்பி வலை சுற்றிய வயராகப் போட்டேன். எர்த் எல்லாவற்றையும் ஒரே ஆணியில் கொண்டுவந்து கட்டினேன். தவுக்கே கற்றுக்கொடுத்தபடி, சாப்பாட்டுக் குச்சியால் வயர் வயராகத் தட்டிப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சீறியது.

இந்த இடத்தில்தான் பழைய நான் கெட்ட வார்த்தையில் இறங்கியிருப்பேன். மனைவி கவுன்டரிலிருந்து "வாசல்ல ஆளு நிக்குது" என்று எச்சரித்திருப்பாள். இப்போது கோபமும் வரவில்லை. குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சீறலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே மழை பெய்து விட்டிருந்தது. நான் கவனிக்கவில்லை.

வெளியே இருந்து வருகிறதோ என்று அதற்குப் பிறகுதான் தோன்றியது. கடையில் உள்ளதையெல்லாம் ஒவ்வொன்றாக நிறுத்தினேன். மின்விசிறி, டியூப் லைட், சின்ன ஐஸ்பெட்டி, கைப்பேசி சார்ஜர், மேலே வீட்டில் ஏர்கோன். சீறல் நிற்கவில்லை. மிச்சம் இருந்தது பக்கத்து மாமாக் கடை, தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. அங்கே ஜூஸ் அரைக்கிற மெஷின் நாள் முழுக்க ஓடும். போய் நின்றேன்.

"பாய், அந்த ஜூஸ் மெஷின கொஞ்சம் நிறுத்துங்க."

"எதுக்கு அங்கிள்? ஒங்க ஆம்பு ஜூஸ் குடிக்குதா?"

"ஒரு சத்தம் வருது. உங்க மெஷின்ல இருந்து வருதான்னு பாக்கணும்."

"மெஷின நிறுத்துனா கஸ்டமர் சத்தம் போடுவான். அதுக்கு ஒங்ககிட்ட பில்டர் இருக்கா?"

இருந்தாலும் நல்ல மனுசன். நிறுத்தினார். நான் ஓடிவந்து கேட்டேன். சீறல் இருந்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன்.

"அப்ப எங் கடை மேல பழி போட முடியாது, அங்கிள். ரோத்தி சானாய் திருப்பற சத்தம் வேணும்னா சந்தேகப்படுங்க."

அவர் ஒரு தே தாரேக், நுரைக்க ஆற்றிய பால் டீ, போட்டு அனுப்பினார். குடித்தேன். இனிப்பு தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். மகனும் அன்று வருவான். சீறல் போகவில்லை என்றால் சாவி போகும். எனக்கு எல்லாம் தெரிந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் வந்துவிட்டேன்.

அவர் காலையிலேயே வந்துவிட்டார், தோளில் பேஸ் கிட்டாரோடு. கூட யாரும் இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். உறுமலை எப்படிக் கொன்றேன், எர்த் இல்லாத ஆம்ப் எவ்வளவு ஆபத்து, என் இடத்தில் வேறு எவனாவது இருந்தால் இந்நேரம் எத்தனை வால்வு மாற்றச் சொல்லியிருப்பான் என்றெல்லாம். கடைசியாகத்தான் சீறல் ஒன்று பாக்கி என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார்.

"எல்லாத்தையும் நூர்த்தாச்சோ அண்ணை?"

"நூறா? என்னா நூறு?"

அவர் சிரித்தார். "நூறில்லை. நூர்க்கிறது. லைற்றை நூர்த்துப்போட்டு வா எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவினம். ஓஃப் பண்ணுறதுதான்."

"ஆஃப் பண்ணாச்சு. ஃபேனு, லைட்டு, ஐஸ்பெட்டி, பக்கத்துக் கடை ஜூஸ் மெஷின் வரைக்கும்."

"அப்பிடியெண்டா இதை மாட்டி ஒருக்காக் கேப்பம்."

கிட்டாரை ஆம்பில் சொருகினார். கம்பியை மீட்டவில்லை, உள்ளங்கையால் மூடிப் பிடித்திருந்தார். கிட்டாரில் கம்பிக்குக் கீழே ஒரு காந்தம் இருக்கும், கம்பி சுற்றியது. கம்பி ஆடுவதைக் கரண்டாக மாற்றுவது அதுதான். அது கம்பியை மட்டும் கேட்காது, சுற்றி இருக்கிற எந்தக் கரண்ட் இரைச்சலையும் பிடிக்கும். அவர் சும்மா நின்ற இடத்தில் திரும்பினார். வாசல் பக்கம் திரும்பினால் சீறல் தணிந்தது. மேசைப் பக்கம் திரும்பினால் ஏறியது. மேசைக்கு ஒட்டினாற்போல் ஓர் அடி வைத்தார். இன்னும் ஏறியது. நாய் மோப்பம் பிடிக்கிற மாதிரி கிட்டாரின் முகத்தை மெல்ல மேலே தூக்கினார்.

படத்துக்கு நேரே வந்ததும் கடை முழுக்கச் சீறியது.

கீழே இறக்கினார். தணிந்தது. மறுபடியும் தூக்கினார்.

"இஞ்ச வந்தாக் கூடுது" என்றார். குரல் இறங்கிவிட்டது. படத்தைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணியோ?"

தலையாட்டினேன்.

தீ ஆடுவது போல ஆடுகிறதே அந்த பல்பு, அதற்குள் இருக்கிற மலிவான சின்ன சர்க்கியூட்தான். கரண்டை வெட்டி வெட்டி விடும். வெட்டுகிற ஒவ்வொரு தடவையும் காற்றிலும் வயரிலும் இரைச்சலைக் கக்கும். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். எத்தனையோ மண்டபங்களில் சீரியல் லைட்டைக் காட்டி, இதை நிறுத்துங்கள், உங்கள் மைக் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ஆனால் என் தலைக்கு மேலே எரிந்தது என் கணக்கிலேயே வரவில்லை. ஃபேன் கரண்டில் ஓடுகிறது. டியூப் லைட் கரண்டில் எரிகிறது. இது விளக்கு. கரண்டில் ஓடுகிற பொருள்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தபோது என் கண் அதன்மேல் பட்டுத்தான் நகர்ந்திருக்கும். சுவிட்சை எண்ணியவன் விளக்கை எண்ணவில்லை.

"ஒருக்கா இதையும் நூர்த்துப் பாப்பமோ?" என்றார். கேட்கலாமா கூடாதா என்று தெரியாதவராகக் கேட்டார்.

எங்கள் வீட்டில் விளக்கை 'அணை' என்று யாரும் சொன்னதில்லை. வாயில் வந்தாலே மனைவி கண்ணை உருட்டுவாள். 'குளிர வை' என்பாள், 'அமர்த்து' என்பாள். ஊரில் யாராவது 'விளக்கு மலையேறிடுச்சு' என்றால்கூட ஒரு தடவை நெற்றியைத் தொட்டுக்கொள்வாள். அந்த மனிதர் "அணையுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஆம்பைத் தூக்கி அவர் கையில் கொடுத்து வாசலைக் காட்டியிருப்பேன். "குளிர வையுங்கள்" என்றிருந்தால் என்னால் முடிந்திருக்காது. அவர் சொன்னது அவருடைய ஆட்களின் சொல். என் வீட்டில் அந்தச் சொல்லால் ஒரு நாளும் எதுவும் நடந்ததில்லை. அதில் நல்லதும் கெட்டதும் ஒட்டியிருக்கவில்லை.

ஸ்டூலில் ஏறினேன். செல்லோடேப்பின் ஓரம் நகத்தில் பிடிபடவில்லை. வேலைக் கத்தியால் கிளப்பி உரித்தேன். பசை சுவிட்சிலேயே தங்கிவிட்டது. தட்டினேன்.

சீறல் நின்றது.

பெட்டியிலிருந்து வால்வின் லேசான மூச்சு மட்டும் வந்தது. அது இருக்க வேண்டிய சத்தம்தான். நான் ஸ்டூல்மேல் நின்றபடியே காத்திருந்தேன். இப்போதாவது ஏதாவது வரும் என்று நினைத்தேன். வால்வு சூடாவதற்குக் காத்திருக்கிற மாதிரி. வரவில்லை. ஸ்டூல் ஆடுகிறது, ஒரு கால் குட்டை, அதற்குக் கீழே அட்டை வைக்க வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணை, இறங்குங்கோ" என்று அவர் கை நீட்டினார். பிடிக்காமலே இறங்கினேன்.

"வாசிங்க" என்றேன்.

கீழ்க்கம்பியை ஒரே ஒரு தடவை தட்டினார். தட்டில் இருந்த ஸ்க்ரூக்கள் எல்லாம் கிலுகிலுவென்று ஆடின. பிறகு என்னவோ ஒரு நடையை, முன்னும் பின்னும் போகிற மாதிரி, பொறுமையாக வாசித்தார். சுத்தமாக இருந்தது. கே.எல். முழுக்கத் தேடினாலும் அப்படி ஒரு பழைய ஆம்ப் அவ்வளவு சுத்தமாகக் கேட்காது. இது பெருமை இல்லை, அளந்து சொல்கிறேன்.

அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே மகன் உள்ளே வந்தான். முதலில் மேலேதான் பார்த்தான்.

"அம்மா வெளக்க யாரு ஆஃப் பண்ணது?"

பேஸ் நின்றுவிட்டது.

"நான்தான்."

"என்னாப்பா இது? டேப்பு வேற ஒட்டி வச்சேன்!"

"அந்த வெளக்குல இருந்துதான் சத்தம் வந்துச்சி."

"அதுக்காக? நீங்க பெரிய ஆளாச்சே. அது எரியும்போதே சத்தம் வராம பண்ணத் தெரியாதா?"

"தெரியும்." தெரியும்தான். ஒரு காந்த வளையமும் ஒரு கெப்பாசிட்டரும் போதும், தே ஆறுவதற்குள் மாட்டிவிடலாம். அவை என் டிராயரிலேயே கிடந்தன.

"அப்ப பண்ணுங்க."

"பண்ணலாம்."

"பண்ணுங்கப்பா."

"பண்ணலாம்" என்றேன் மறுபடியும். கை மேசையின்மேல் இருந்தது. டிராயரைத் திறக்கப் போகவில்லை. போகாததற்குக் காரணம் சொல்லச் சொன்னால் எனக்குச் சொல்லத் தெரியாது. வேண்டாம் என்று இல்லை. வேண்டும் என்றும் இல்லை.

மகன் என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கோபம் எந்த இடத்தில் இறங்கியது என்று தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸ்காரரிடம் திரும்பினான்.

"அங்கிள், ஆம்பு எப்படி இருக்கு?"

"தம்பி, நான் வாங்கின காலத்திலயும் இது இப்பிடிக் கேக்கேல்லை. உங்கட அப்பாவைத் தவிர ஒருத்தராலயும் ஏலாமப் போச்சு." சொல்லிவிட்டு, தான் ஏதோ வீட்டுச் சண்டையில் கால் வைத்துவிட்டவர் போலக் கிட்டாரை உறையில் போட ஆரம்பித்தார்.

"சரி" என்றான் மகன். "நான் சொன்ன சொல்லுதான். கடையப் பத்திப் பேசல."

ஜெயித்துவிட்டேன். அப்படி ஒரு எண்ணம் வந்து, நின்று, போய்விட்டது.

அவன் ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினான். விளக்கின் வயரைச் சுற்றினான். "அம்மா எங்க வீட்ல இருக்கட்டும்பா. அங்க சாமி மேடைல வெக்கிறேன். அங்க ஆம்பு ஒண்ணும் இல்ல" என்றான். கேட்பது போலச் சொன்னான். என் பதிலுக்குக் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன். 'வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்' என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. நான் பழைய பேப்பரை எடுத்துக்கொடுத்தேன், கண்ணாடி கீறாமல் சுற்றுவதற்கு. காரில் பின்சீட்டில் சாய்த்தான். படுக்க வைக்காதே, நிமிர்த்தி வை, பிரேக் போட்டால் சாயும் என்றேன். பெல்ட்டை இழுத்து மாட்டினான். "நீங்களும் வாங்களேன்பா, ரெண்டு நாளு இருந்துட்டு" என்றான். வேலை கிடக்கிறது என்றேன். போய்விட்டான்.

செராஸுக்கு என்னைக் கூட்டிப் போக வந்தவன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். இப்படி வார்த்தையாகக் கோத்துப் பார்த்தது பிற்பாடுதான். அப்போது ரோட்டில் நின்று, கார் மறைகிற வரைக்கும் பார்த்து, சிக்னலில் அவன் இடது பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஜாம் ஆகும் என்று மட்டும் நினைத்தேன்.

ஆம்பைத் தூக்கி அவர் காரில் வைத்தோம். ஆளுக்கு ஒரு பக்கம். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை, என்னாலதான்" என்றார். "உங்களால ஒண்ணும் இல்ல. எர்த்த மட்டும் எவனையும் வெட்ட விடாதீங்க" என்றேன்.

மறுநாள் கடையைத் திறந்து சாமிக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு மேசைக்கு வந்தேன். எதுவும் சீறவில்லை. பண்டமாரானிலிருந்து ஒரு பொண்ணு, இடுப்பில் குழந்தையோடு, கராவோகே மைக் ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்பெல்லாம் வந்து போகிறவள்தான், கொஞ்ச காலமாகக் காணோம்.

"அங்கிள், இது கத்துனாத்தான் கேக்குது. ரோசாக்கா, கெட்டுப்போச்சா?"

"வை. பாக்கறேன்."

அவள் கவுன்டரை எட்டிப் பார்த்தாள். உள்ளே மாடிப்படியைப் பார்த்தாள்.

"ஆன்டி எங்க அங்கிள்? காணோம்?"

மைக்கின் தலையைத் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

"செராஸ்ல. மகன் வீட்ல."

"நல்லதுதான் லா. பேரப் புள்ளைங்ககூட கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றாள். குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

எப்போது என்று சொல்வது எனக்கு வழக்கமில்லை. நாளைக்கு வா என்றேன்.